திருட்டுப் பூட்டு

திருமலைராயன்பட்டினம் கடைத்தெருவில் கணினி மையம் வைத்திருந்த நௌஷின், கமர் நிஷா கொண்டுவந்த பாஸ்போர்ட் நகலை அன்று காலை ஸ்கேன் செய்துகொண்டிருந்தாள். குவைத்தில் இருக்கும் அவருடைய கணவர் இக்பாலுடையது அது. நௌஷினின் கை மவுஸில் இல்லை. ஆனாலும் திரையில் அம்புக்குறி தானாக ஊர்ந்து, ஒரு கோப்பின் மேல் சற்று நின்று, நகர்ந்தது.

"என்னம்மா, பேய் புகுந்துருச்சா?" என்று கமர் நிஷா சிரித்தார். நௌஷினும் சிரித்துவைத்தாள்.

அந்தக் கணினியில் ஓடியது திருட்டு விண்டோஸ். கணினியை விற்றவர் உரிமம் இல்லாமல் போட்டு, அதை ஓடவைக்க எங்கிருந்தோ இறக்கிய 'கிராக்' என்ற பூட்டுடைப்பு நிரல் ஒன்றையும் சேர்த்து, வைரஸ் தடுப்பை அணைத்துக் கொடுத்திருந்தார். கல்லூரி ஆய்வகத்தில் வேலை பார்க்கும் தோழி தஹ்ஸீன் பலமுறை சொல்லிப் பார்த்தாள். விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போட்டுக்கொள், யாரும் முறையாக, இலவசமாகப் பயன்படுத்தலாம், உள்ளே என்ன இருக்கிறதென்று ஊரே திறந்து பார்க்கலாம் என்றாள். சும்மா கிடைப்பது எந்த லட்சணத்தில் இருக்கும் என்று நௌஷின் தட்டிக்கழித்தாள். தன்னிடம் இருப்பதும் சும்மா வந்ததுதான் என்பது அவளுக்கு உறைக்கவில்லை.

அடுத்த வாரம் கமர் நிஷா வாசலில் வந்து நின்றார். கழுத்தில் தாலியாகப் போட்டிருந்த கருகமணி இல்லை. குவைத் போலீஸ் என்று ஒருவன் போனில் பேசினானாம். பாஸ்போர்ட் எண், மாமனார் பெயர், விசா தேதி எல்லாம் பிசகாமல் சொன்னானாம். இக்பாலைப் பிடித்து வைத்திருப்பதாக மிரட்டினானாம். இக்பாலுடைய போனும் அப்போது கிடைக்கவில்லை.

"கழுத்துல கெடந்தத வித்து அனுப்பிட்டேன்மா. அந்தி மஹ்ரிபு தொழுகைக்கு அப்பறம் எங்க வூட்டுக்காரங்களே கூப்புட்டு, ரூமுலதான் இருக்கேங்குறாங்க" என்றார். பிறகு குரல் தாழ்ந்தது. "அந்தக் காயிதத்த நான் ஒன்கிட்ட மட்டுந்தானே குடுத்தேன்?"

நௌஷினுக்கு அந்த அம்புக்குறி நினைவுக்கு வந்தது. இணைய வயரைப் பிடுங்கினாள். தஹ்ஸீன் வந்து சோதித்தாள். கிராக்கோடு சேர்ந்து வந்த ஏதோ ஒன்று, எல்லாருடைய ஆவணங்களையும் யாருக்கோ அனுப்பிக்கொண்டே இருந்திருக்கிறது.

கமர் நிஷாவோடு போலீஸ் நிலையம் போய், நடந்ததை மறைக்காமல் எழுதிக் கொடுத்தாள் நௌஷின். கணினியில் இருந்ததையெல்லாம் அழித்து லினக்ஸ் போட்டாள். பிறகு தன்னிடம் ஆவணம் கொடுத்தவர்களை வீடு வீடாகப் போய் எச்சரித்தாள்.

"இனிமே எங்களுக்கு அப்புடி போன் வராதுல்ல?" என்று ஒரு வீட்டில் காசியம்மா கேட்டார்.

"வரலாம்க்கா. போன காயிதம் போனதுதான், திரும்பாது" என்றாள் நௌஷின். "திருட்டுப் பூட்ட வாங்கி மாட்டுனா, சாவி திருடன்கிட்டதான் இருக்கும். நல்ல மனசோட இனாமாக் குடுத்தத வேணாம்னு சொன்னேன். திருட்டுல வந்தத இனாம்னு நம்புனேன். அதுக்கு வெல நான் குடுக்கல, நீங்கல்லாம் குடுக்குறீங்க."