பச்சைக்கரைத் தட்டு எட்டு

"எட்டுத் தட்டையும் தாரோம்னு சொல்லிட்டேன். ராத்திரி விருந்து முடிஞ்சா விடியக் கொண்டாந்து குடுத்துருவாக."

"யாரு தட்டை?"

"நம்ம தட்டைத்தான்."

"பதினாலு வருசமா 'ஒன் தட்டு, ஒன் பீங்கான்'னுதான பேசுனீக? மொதலாளியம்மா கேட்டதும் நம்ம தட்டாயிருச்சோ?"

சங்கிலிமுத்து எண்ணெய் பரோட்டாப் பொட்டலங்களைத் தரையில் இறக்கி வைத்தார். எம். புதுப்பட்டியில் ஒரு பட்டாசுக் கம்பெனிக்கு அவர் போர்மேன். அவர் மனைவி பாண்டிலட்சுமி அதே கம்பெனியில் பூச்சட்டிக்கு மருந்து அடைக்கிறாள். மறுநாள் ஆடிப் பதினெட்டு. கம்பெனியில் பூசை போட்டுச் சீசனைத் தொடங்குவார்கள். அதற்கு முந்தின நாள் மத்தியானம் தன்னோடு வேலை பார்க்கும் ஏழு பெண்களை வீட்டுக்குக் கூப்பிட்டு விருந்து வைப்பது பாண்டிலட்சுமியின் வழக்கம். வாழை இலையில் இல்லை, எவர்சில்வரிலும் இல்லை. பச்சைக் கரையும் அதன்மேல் மயிரிழைபோலத் தங்கக் கோடும் ஓடுகிற பழைய சீமைப் பீங்கான் தட்டுகளில்.

அத்தனையும் பழைய சாமான் வாங்குகிற சின்னச்சாமியின் வண்டியிலிருந்து வந்தவை. வண்டிச் சத்தம் கேட்டால் உலையை அப்படியே விட்டுவிட்டு ஓடுவாள். "இதோட ஜோடி எங்கயாச்சும் தட்டுப்பட்டா வேற யாருக்கும் குடுத்துராதீகண்ணே" என்று சொல்லிச் சொல்லியே ஒவ்வொன்றாகச் சேர்த்தாள். எட்டாவது தட்டு மல்லாங்கிணறில் ஒரு வீட்டுக் கொல்லையில் கோழிக்குத் தவிடு வைக்கக் கிடந்தது. அந்த வீட்டம்மாவுக்குப் புது பிளாஸ்டிக் வாளி வாங்கிக் கொடுத்து மாற்றிக்கொண்டாள். சிவகாசியில் பழைய பங்களா ஒன்றை இடித்தபோது கிடைத்தவை பூ வெட்டிய கண்ணாடிக் குப்பியும், நீளக் கால் வைத்த கண்ணாடிக் கிளாஸ் ஆறும். சாராயக் குப்பியை வீட்டில் வைத்திருக்கிறாளே என்று தெருவே சிரித்தது. அவள் அதில் நன்னாரி சர்பத்தை ஊற்றி வைத்தாள்.

"ஒங்க வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருந்தா என்ன?" என்றாள் இப்போது.

"மொதலாளி வீட்டுல சேர் எறக்கிப் போட ஆள் வேணும்னாக, போனேன். அங்கன மேசையில இதே தட்டு, இதே பச்சைக் கரை. எங்க வீட்டுலயும் இருக்குன்னு ஒரு பெருமைக்குச் சொன்னேன். அம்மாகிட்ட பன்னெண்டுதான் இருக்காம். வடக்கேருந்து இருவது வியாபாரிக வாராகளாம்."

"போன வருசம் அவுக மகன் தருண்குமாரு கிளாஸ் வாங்கிட்டுப் போனாரு. ஆறு போச்சு. எத்தனை வந்துச்சு?"

"நாலு."

"கேட்டதுக்கு என்ன சொன்னாரு?"

சங்கிலிமுத்து தலையைச் சொறிந்தார். "கிளாஸ்தானேன்னாரு."

"ம். தட்டுதானேன்னு இந்த வருசம் சொல்லுவாக."

"நான் போர்மேனு பாண்டி. நாளைக்கு அவுக மூஞ்சியில முளிக்கணும்."

"நானுந்தான் முளிக்கணும்."

அதற்குள் விருந்தாளிகள் வந்துவிட்டார்கள். ரோஜா நேரே குப்பியிடம் போனாள். "யக்கா, இதைக் குடிச்சா தள்ளாடுமா?" இருளம்மாள், "ஒனக்குக் குடிக்காமலே தள்ளாடும்ளா, உக்காரு" என்றாள். கிளாஸ் நாலே இருந்ததால் இரண்டு பேருக்கு ஒன்று. மாரிசெல்வி அதன் காலை இரண்டு விரலால் பிடித்துச் சுண்டுவிரலை நீட்டிக் காட்ட, எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கழுவித் துடைத்த தட்டுகள் எட்டும் ஒன்றின்மேல் ஒன்றாக ஸ்டூலின்மேல் இருந்தன. பரோட்டாவைப் பிய்த்துப் போட வேண்டியதுதான் பாக்கி.

வாசலில் கார் வந்து நின்றது.

முதலாளியம்மா ஸ்ரீமதி தானே இறங்கி வந்தார். டிரைவர் பின்னாலேயே அட்டைப் பெட்டியோடு நின்றான். பெண்கள் எழுந்து சுவரோடு ஒதுங்கினார்கள்.

"எங்க பாண்டிலட்சுமி? அடடா, அதேதான்!" ஸ்ரீமதியின் முகம் மலர்ந்தது. "இது எங்க வீட்டு செட்டுதான், தெரியுமா? எங்க மாமியார் காலத்துச் சாமான். நான் எங்கெங்கேயோ தேடிக்கிட்டிருக்கேன்."

"இருக்கும்மா. ஒங்க மாமியாரு எடைக்குப் போட்டிருப்பாக. நான் எடைக்காரர்கிட்ட வாங்குனேன்."

"சரி, இருக்கட்டும். ஒரு ராத்திரிக்குத்தானே? பேக் பண்ணிக் குடு."

"இன்னைக்கு எங்க வீட்டுல விருந்தும்மா."

"இவுகளுக்கு இலையில போடேன். இவுக என்ன சொல்லப்போறாக?"

இருளம்மாள் தரையைப் பார்த்தாள். பாண்டிலட்சுமி பார்க்கவில்லை.

"இதுல நாங்க வருசா வருசம் சாப்பிடுறோம்மா. கறியும் கொளம்பும் ஊத்தி. அதுல ஒங்க விருந்தாளிக சாப்பிடுவாகளா?"

"அதுக்கென்ன, நல்லா சுடுதண்ணி போட்டுக் கழுவிக்கிட்டா போச்சு."

சங்கிலிமுத்துகூட வாசல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

தான் சொன்னது எங்கே போய் விழுந்தது என்று ஸ்ரீமதிக்குப் புரியவில்லை. ஸ்டூலருகே குனிந்தார். சீமை முத்திரை இருக்கிறதா என்று பார்க்க, நடுவில் இருந்த தட்டு ஒன்றைப் பிடித்து உருவினார். பீங்கானும் பீங்கானும் அழுந்தி உரசிக் 'கிரீச்'சென்று கத்தின.

"இளுக்காதீக!"

எட்டுப் பேரும் ஒரே குரலாகக் கத்தினார்கள். ரோஜாவும் மாரிசெல்வியும் வாசற்படியைத் தாண்டித் தெருவில் நின்றார்கள். இருளம்மாள் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு சுவரோடு சரிந்திருந்தாள். டிரைவர் பெட்டியைக் கீழே போட்டுவிட்டான்.

"என்னாச்சு? பாம்பா?" ஸ்ரீமதி பிடியை விட்டுவிட்டுப் பின்னால் நகர்ந்தார்.

இருளம்மாள் மெல்லக் கையை எடுத்தாள். வெட்கமாகச் சிரித்தாள். "ஒண்ணுமில்லம்மா. இளுத்தீகள்ல, அதான். மருந்து ரூமுல எதையுமே இளுக்கக் கூடாது. டப்பாவோ சட்டியோ, தூக்கித்தான் வைக்கணும். உரசுனா அம்புட்டுப் பேரும் போயிருவோம்."

"இது பிளேட்டுதானே?"

"வந்துருச்சும்மா வாயில, 'தானே'" என்றாள் பாண்டிலட்சுமி.

அவள் ஸ்டூலருகே வந்தாள். பாதி உருவியிருந்த தட்டைச் சேர்த்து வைக்கவில்லை. மேலே இருந்ததை இரண்டு கையாலும் நேராகத் தூக்கி, சத்தமில்லாமல் பாயின்முன் வைத்தாள். அடுத்ததைத் தூக்கினாள். எட்டும் அப்படியே இறங்கின. ஓரத்தில் எதிலும் ஒரு சில்லுகூடப் பெயர்ந்திருக்கவில்லை.

"ஒங்க வீட்டுல இருவத்தி நாலு இருந்திருக்கணும். பன்னெண்டுதான் மிச்சம்னா ஏன்னு இப்பத் தெரியுது" என்றாள். "இந்தக் கையில இருக்கிறதுனாலதான் இது எட்டும் முளுசா இருக்கு. தூக்கத் தெரியாத எடத்துக்கு நான் அனுப்ப மாட்டேன்."

"பாண்டி..." என்றார் சங்கிலிமுத்து.

"நீங்க சொன்னது ஒங்க வாக்கு. ஒங்க தட்டுல காப்பாத்துங்க. எவர்சில்வர்ல ரெண்டு இருக்கு."

ரோஜா 'களுக்'கென்று சிரித்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஸ்ரீமதி நிமிர்ந்தார். "அப்போ தர மாட்டே?"

"கொண்டுபோக ஒண்ணுகூட இல்லம்மா. உக்காந்து சாப்பிடுறதுன்னா என் தட்டு இந்தா இருக்கு. நான் பின்னாடி சாப்பிட்டுக்கிடுவேன். எண்ணெய் பரோட்டா, சூடு ஆறல."

ஸ்ரீமதி கண் அந்தத் தட்டில் கொஞ்ச நேரம் நின்றது. தங்கக் கோடு எங்கேயும் தேயவில்லை. பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"நாளைக்குப் பூசைக்கு வருவேல்ல?"

அது கேள்வி இல்லை என்று எல்லோருக்கும் தெரியும்.

"வருவேன். எட்டுப் பேரும் சேர்ந்துதான் வருவோம். எங்களுக்கு டீக்குப் பேப்பர் கப்பு எடுத்து வைக்க வேண்டாம்மா. கிளாஸ் நாங்களே கொண்டாருவோம்."

கார் புழுதி கிளப்பிக்கொண்டு போனது. சங்கிலிமுத்து வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்.

"ஏ பாண்டி, நாளைக்கு எனக்கு வேலை இருக்குமா?"

"எட்டுப் பேரு மருந்து அடைக்காட்டி எந்தப் போர்மேனுக்கு அங்க என்ன வேலை? வாங்க, உள்ள வந்து உக்காருங்க."

"எவர்சில்வர்லயா?"

பாண்டிலட்சுமி தன் தட்டைத் தூக்கி அவர் முன்னால் வைத்தாள். பரோட்டாவைப் பிய்த்துப் போட்டுச் சால்னாவை ஊற்றினாள். அவர் தட்டைத் தன் பக்கமாக நகர்த்தப் போனார்.

எட்டுப் பேரும் அவரையே பார்த்தார்கள்.

சங்கிலிமுத்து கையை எடுத்துவிட்டு, தட்டு இருந்த இடத்துக்குத் தான் நகர்ந்து உட்கார்ந்தார்.