திரும்பி வந்த விளமீன்

அபிஷா ஊருக்கு வந்து பத்து நாளாகிவிட்டது. பத்து நாளும் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. பிரான்சிலிருந்து லீவில் வருகிற மகள் ஆற அமர உட்கார்ந்து நாலு வாய் சாப்பிடுவாள், கதை பேசுவாள் என்று உவரியில் அவள் அம்மா அந்தோணியம்மாள் ஆசையாகக் காத்திருந்தாள். மகளோ காலில் சக்கரம் கட்டிக்கொண்டு அலைந்தாள். ஒரு நாள் திசையன்விளையில் காப்பித்தூள் அரைக்கிற கடை வாசலில் அரை மணி நேரம் நின்றாள். மறுநாள் அம்பாசமுத்திரம் பக்கம் நெல் அவிக்கிற மில்லுக்குப் போய் ஆவிக்குள் முகத்தைக் கொடுத்துவிட்டு வந்தாள். அதற்கும் மறுநாள் கருவாட்டுக் கூடைக்குள் தலையையே விட்டாள்.

"ஏட்டி, ஒனக்கு என்னமும் காத்துக் கருப்பு பட்டிருக்கா?" என்று அம்மா பயந்தே போனாள். அந்தோணியார் கோயிலில் மெழுகுவர்த்தியும் ஏற்றிவிட்டு வந்தாள்.

காத்துமில்லை, கருப்புமில்லை. மூக்கு போய்விட்டது, அவ்வளவுதான் விஷயம். டிசம்பரில் வந்த ஒரு காய்ச்சல், போகிற போக்கில் வாசனையை எல்லாம் வாரிக்கொண்டு போய்விட்டது. நமக்கெல்லாம் மூக்கு போனால் ரசம் ருசிக்காது, மிஞ்சிப்போனால் பால் தீய்ந்துபோகும். அபிஷாவுக்கு மூக்குதான் சோறு போட்டுக்கொண்டிருந்தது.

புதுச்சேரியில் பிரெஞ்சு படித்து, சுற்றுலாப் படிப்புக்காக பிரான்ஸ் போனவள், கைச்செலவுக்கு லுவார் ஆற்றங்கரையில் திராட்சை பறிக்கப் போனாள். மதியச் சாப்பாட்டோடு ஒரு கிளாஸ் வெள்ளை ஒயின் கொடுத்தார்கள். மோந்து பார்த்துவிட்டு, "முதல் மழைக்கு எங்கள் ஊர்த் தேரிச் செம்மணல் இப்படித்தான் மணக்கும்" என்றாள். தோட்டத்துக்குச் சொந்தக்காரி மதாம் ஓதில் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். மறு வருஷமே தோட்டம் பார்க்க வருகிறவர்களை நிலவறைக்குள் கூட்டிப்போய் ஒயின் ஊற்றி விளக்கிச் சொல்கிற வேலை அபிஷாவுடையது ஆயிற்று.

ஏழு வருஷம் ஓடிவிட்டது. அந்த ஊர் ரொட்டிக்கடையில் முதலில் வணக்கம் சொல்லாமல் ரொட்டி கேட்டுவிட்டால் போச்சு, கடைக்காரி முறைக்கிற முறைப்பில் அடுப்பில்லாமலே ரொட்டி கருகும். நண்பகல் ஆனால் தபால் ஆபீஸ் முதல் செருப்புக்கடை வரை கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு மணி நேரம் சாப்பிடப் போய்விடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரு தீப்பெட்டி வாங்க முடியாது. முதல் வருஷம் அபிஷாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஏழாம் வருஷம், சாப்பாட்டு நேரத்தில் போன் அடித்த ஆளை அவளே பிடித்துக் கத்தினாள். லீவு நாளில் சைக்கிளை ரயிலில் ஏற்றிக்கொண்டு கிளம்புவாள். ஊர் ஊராக இறங்கி நிலவறைக் கதவுகளைத் தட்டுவாள். ஒரு மிடறு, நாலு வார்த்தை, அடுத்த ஊர். அந்த வாழ்க்கையை அவள் உயிராக நேசித்தாள்.

அதனால்தான் பொய் சொன்னாள். ஜனவரியிலிருந்து கிளாஸை மூக்கருகே கொண்டு போவாள், கண்ணை மூடுவாள், போன வருஷத்து ஞாபகத்திலிருந்து எடுத்துவிடுவாள்: "தேன்... நனைந்த கல்... அடியில் கொஞ்சம் எலுமிச்சைப் பூ." வந்தவர்களும் மோந்து பார்த்து, ஆமாம் ஆமாம், தேன் தேன் என்று தலையாட்டினார்கள். மூன்று மாசத்தில் தொண்ணூறு பேர். ஒருத்தராவது சந்தேகப்பட வேண்டுமே! பெட்டி பெட்டியாக வாங்கிக்கொண்டு போனார்கள்.

ஆனால் மதாம் ஓதிலிடம் அது நடக்காது. வருகிற திங்கட்கிழமை புது ஒயினைப் பீப்பாய் பீப்பாயாக இரண்டு பேரும் சேர்ந்து சுவைக்க வேண்டும். அது முடிந்தால் நிரந்தர வேலைக்குக் கையெழுத்து. அந்தக் கையெழுத்து இருந்தால்தான் அந்த நாட்டில் இருக்க அனுமதி அட்டை. சனிக்கிழமை விமானம். அதற்குள் மூக்கு வரவேண்டும்.

வியாழக்கிழமை காலை அண்ணன் பெனிட்டோவின் லோடு ஆட்டோவில் தொற்றிக்கொண்டாள். கடற்கரை ஏலத்தில் மீன் எடுத்து அம்பாசமுத்திரம் சந்தையில் விற்பது அவன் தொழில். அதற்கு முன்னால் இருபது வருஷம் அம்மா கூடையோடு பஸ் ஏறி அதே சந்தைக்குக் கொண்டு வந்தாள். தங்கச்சிக்கு மோந்து பார்க்கிறதற்குச் சம்பளம் என்று பெனிட்டோ சந்தை முழுக்கப் பீற்றி வைத்திருந்தான். முந்தின நாள் மிஞ்சிய மீன், போதுமான ஐஸ் இல்லாமல் ஒரு பெட்டியில் தனியாகக் கிடந்தது.

"நான் போய் ஐஸ் எடுத்துட்டு வாரேன். பழைய பெட்டியில ஒண்ணு ரெண்டு நல்லது கெடக்கும். மோந்து பாத்துக் குடு, என்னா?" என்றான்.

அவன் அந்தப் பக்கம் போனானோ இல்லையோ, ஆபிதா பீவி வந்து நின்றாள். அம்மா காலத்து வாடிக்கை. சம்பந்தி வீட்டார் மதியச் சாப்பாட்டுக்கு வருகிறார்களாம், பெரிய விளமீனாக வேண்டுமாம். புதுப் பெட்டியில் அவ்வளவு பெரிது இல்லை. பழைய பெட்டியில் ஒன்று இருந்தது. கண் லேசாகக் கலங்கியிருந்தது. ஐஸில் கிடந்தால் கலங்கத்தான் செய்யும் என்று அபிஷா தன்னைத் தானே சமாதானப்படுத்திக்கொண்டாள்.

"நல்லாருக்குமாம்மா? நீதான் மூக்குக்காரியாம்லா, பாத்துச் சொல்லு."

அபிஷா மீனைத் தூக்கினாள். செவுளை விரித்து மூக்கருகே கொண்டு போனாள். கண்ணை மூடினாள். ஒன்றுமே இல்லை, வெறும் குளிர்ச்சி. "கடல் வாசம் அப்படியே இருக்குக்கா" என்றாள். மூன்று மாசப் பழக்கம், வாய் தானாகச் சொல்லிவிட்டது.

ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. உச்சி வெயிலில் மூச்சு வாங்க ஆபிதா பீவி திரும்பி வந்தாள். பையிலிருந்த மீனைப் பலகையில் பொத்தென்று போட்டாள். பக்கத்துக் கடைக்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். ஐஸோடு வந்த பெனிட்டோவுக்கு முகம் செத்துப்போயிற்று.

"யா அல்லாஹ்! வீடே நாறிப் போச்சு. சம்பந்திக்காரி வாசல்ல நிக்கா. இருவது வருசம் ஒங்கம்மா கையால வாங்குனேன், ஒரு நாள் இப்படி உண்டா? ஏம்மா, மோந்து பாத்துத்தான குடுத்தே?"

"ஏட்டி, இதையா குடுத்தே? ஒனக்கு நாத்தம் தெரியலயா?" என்றான் பெனிட்டோ.

அபிஷாவுக்கு உடம்பெல்லாம் கூசியது. இத்தனை பேர் நடுவில், "எனக்கு மூக்கு வேல செய்யலண்ணே. மூணு மாசமாச்சு. ஒண்ணுமே தெரியல" என்று சொல்லிவிட்டு ஓவென்று அழுதாள்.

ஆபிதா பீவிக்குக் கோபம் பாதியாகக் குறைந்துவிட்டது, பாதி இருந்தது. "தெரியலன்னு சொல்லியிருந்தா நானே மோந்து பாத்திருப்பேன்லா" என்றாள். பிறகு தானே குனிந்து, பெனிட்டோ புதுப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்த பாறை மீன்களை ஒவ்வொன்றாக மோந்து பொறுக்கி எடுத்தாள்.

நானே மோந்து பாத்திருப்பேன். அவ்வளவு சாதாரணமான பேச்சு, அபிஷாவைப் போட்டு உலுக்கியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு அங்கேயே நின்று மதாம் ஓதிலுக்கு வீடியோவில் போன் போட்டாள். அங்கே காலை எட்டு மணி. பிரெஞ்சில் எல்லாவற்றையும் சொன்னாள், ஒன்றும் மறைக்கவில்லை.

மதாம் திட்டவில்லை. "ஜனவரியிலிருந்து எந்த ஒயினை ஊற்றினாய்?" என்று மட்டும் கேட்டாள்.

"தெற்குத் தோட்டத்து வெள்ளை."

மதாம் போனைக் கையில் பிடித்தபடியே நிலவறைக்கு இறங்கினாள். ஒரு பாட்டிலைத் திறந்து மோந்தாள். இன்னொன்றைத் திறந்தாள். மூன்றாவதையும் திறந்துவிட்டு, படிக்கட்டில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"பாட்டில் தக்கை கெட்டு ஒயினையும் கெடுத்திருக்கிறது. நனைந்த அட்டை மாதிரி நாறுகிறது. தொண்ணூறு பேரில் ஒருத்தர்கூடச் சொல்லவில்லையா?"

"நான் தேன் என்றேன், மதாம். அவர்களும் தேன் என்றார்கள்."

மதாமுக்குச் சிரிப்பு வந்த மாதிரி இருந்தது, ஆனால் கண் சிவந்திருந்தது. "வாங்கினவர்களில் பாதிப் பேர் பக்கத்து ஊர்க்காரர்கள். திங்கட்கிழமை வா. சுவைக்க இல்லை. வீடு வீடாகப் போ. கெட்டதை வாங்கிக்கொண்டு நல்லதைக் கொடு. ஏன் என்று நீயே சொல். அதுவரைக்கும் சம்பளம் உண்டு. அதற்கப்புறம் என்னிடம் உனக்கு வேலை இல்லை."

"வருகிறேன், மதாம்" என்று போனை வைத்தாள்.

"என்ன சொல்லுதா?" என்றான் பெனிட்டோ.

"வேல போச்சுண்ணே."

"போனாப் போவுது. இங்கனயே இருந்துக்கோ, கடையைப் பாத்துக்கிட்டு..." என்று ஆரம்பித்தவன், பலகையில் கிடந்த விளமீனைப் பார்த்துவிட்டு வாக்கியத்தை முடிக்கவில்லை.

"இங்கனயும் மூக்கு வேணும்லா" என்றாள் அபிஷா. "நான் போகணும். வாங்குனவங்க வீட்டுக்கெல்லாம் போய்ச் சொல்லணும்."

"வேலையே இல்லன்னுட்டா, பெறவு அம்புட்டுத் தூரம் எதுக்குப் போற? ஃபோன்ல சொல்லிட்டு விட்டுத்தள்ளு."

ஆபிதா பீவி பாறை மீனைப் பைக்குள் திணித்துக்கொண்டே நிமிர்ந்தாள்.

"ஏன், நான் ஃபோன்லயா சொன்னேன்? வேகாத வெயில்ல மீனைத் தூக்கிட்டுல்லா வந்தேன்" என்றாள்.