பெல்ட் சொரிமுத்துவின் மலேசியா அக்கா

கோகிலவாணி மும்பை விமான நிலையத்தை விட்டு வெளியே வந்தபோது, அவளுடைய தம்பி ஒரு பெரிய அட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எதிரேதான் நின்றான். அட்டையில் இருந்தது அவள் பெயர்தான். எழுதியது தம்பி மகள். அந்தப் பெண்ணுக்குத் தமிழ் பேச வரும், எழுத வராது. அதனால் இந்தியில் எழுதி, ஓரத்தில் இரண்டு ரோஜாப்பூவும் வரைந்திருந்தாள். மலேசியாவின் கிள்ளானில் பிறந்து வளர்ந்த கோகிலவாணிக்கு இந்தி எழுத்து தெரியாது. யாரோ புது மாப்பிள்ளையை வரவேற்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்து, பூவை மட்டும் ரசித்துவிட்டு நடந்துவிட்டாள். அட்டைக்குப் பின்னால் இருந்த முகம் தெரியவில்லை.

தெரிந்திருந்தாலும் அடையாளம் கண்டிருக்க மாட்டாள். அவளுடைய அப்பா சின்ன வயதில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மலாயாவுக்குக் கப்பலேறியவர். அவர் தம்பி குமரேசன் பிறகு பம்பாய்க்கு ரயிலேறினார். இரண்டு பேரும் இறந்து பல காலம் ஆன பிறகு, கோகிலவாணியின் மகள் ஃபேஸ்புக்கில் தேடித் துருவி, குமரேசன் சித்தப்பாவின் மகன் சொரிமுத்துவைத் தாராவியில் கண்டுபிடித்தாள். அவன் டெம்போ ஓட்டுகிறான். வாட்ஸ்அப்பில் குரல் செய்தி அனுப்புவான். "வணக்கம் அக்கா. நான் சொரிமுத்து பேசுகிறேன். இங்கே மழை. அங்கே எப்படி? நன்றி." அவ்வளவுதான். சித்தப்பாவின் பழைய போட்டோ ஒன்றையும் அனுப்பியிருந்தான். வீடியோவில் பேசலாம் என்று மகள் சொன்னபோது கோகிலவாணி மறுத்துவிட்டாள். முதல் தடவை முகத்தைப் பார்ப்பது நேரிலாக இருக்கட்டும் என்றாள்.

விமானத்தில் வழி முழுக்கப் படம் பார்த்ததில் போன் செத்துப்போயிருந்தது. தாராவி, தொண்ணூறு அடி ரோடு, பிள்ளையார் கோவில் சந்து என்பது மட்டும் நினைவில் இருந்தது. டாக்ஸி பிடித்து வந்து இறங்கி, சந்து முனையில் டீக்கடை வைத்திருந்த ஜெயினுலாப்தீனிடம் கேட்டாள்.

"பாய், இங்க சொரிமுத்து வீடு எது? நான் மலேசியாவுல இருந்து வரேன்."

அவர் வாயைத் திறப்பதற்குள், பால் பாக்கெட் வாங்கிக்கொண்டிருந்த ஒரு பெண் திரும்பினாள். கோகிலவாணியை உச்சி முதல் பாதம் வரை பார்த்தாள். பெட்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

"வாங்க மைனி! எம்புட்டு நேரமா எதிர்பாத்துக்கிட்டு இருக்கோம்."

"ஏ முருகம்மா, அவங்க..." என்று இழுத்தார் ஜெயினுலாப்தீன்.

"நீங்க டீய ஆத்துங்க பாய்" என்று சொல்லிவிட்டு, முருகம்மாள் பெட்டியை இழுத்துக்கொண்டு சந்துக்குள் போய்விட்டாள்.

வீடு என்பது கீழே ஓர் அறை, இரும்பு ஏணி ஏறினால் மேலே ஓர் அறை. எந்தப் பக்கம் திரும்பினாலும் தோல் பெல்ட்டுகள் கொத்துக் கொத்தாகத் தொங்கின.

"தம்பி டெம்போ ஓட்டுறதா சொன்னாரே?"

"அதெல்லாம் அப்பப்ப" என்றாள் முருகம்மாள், திரும்பிப் பார்க்காமல்.

அப்போதுதான் சுவரில் மாலை போட்ட போட்டோவைக் கோகிலவாணி பார்த்தாள். உருண்டை முகம், முறுக்கு மீசை. கீழே 'வே. தளவாய்' என்று எழுதியிருந்தது. தமிழ்ப் பள்ளியில் படித்தவள், தப்பில்லாமல் வாசித்தாள்.

"இது யாருங்க?"

"எங்க மாமனாரு."

வீடு மாறி வந்துவிட்டோம் என்பது கோகிலவாணிக்குச் சந்தேகமில்லாமல் தெரிந்துபோயிற்று. உடனே எழுந்து, மன்னிக்கணும் என்று சொல்லிப் பெட்டியை எடுத்திருக்க வேண்டும். ஆனால் அந்த நேரம் பார்த்து அடுப்பில் சாளை மீன் குழம்பு கொதிக்கத் தொடங்கியது. விமானத்தில் அவளுக்குக் கொடுத்தது ஒரு குளிர்ந்த பன். சாப்பிட்டுவிட்டுச் சொல்லிக்கொள்ளலாம் என்று உட்கார்ந்தாள். சாப்பிட்டு முடித்தவுடன் சொல்வது மரியாதையாகப் படவில்லை. அதற்குள் முருகம்மாள் ஃபேனுக்கு நேராகப் பாயை விரித்துவிட்டாள்.

தூங்கி எழுந்ததும் டீ வந்தது. டீயோடு கதையும் வந்தது.

"உங்க தம்பி பொண்ணு பாக்க வந்தப்பவே உங்களப் பத்திச் சொல்லிட்டாரு மைனி. எங்க அண்ணன்மாரு துபாய்ல இருக்காவன்னு எங்கம்மா பெருமையாச் சொன்னா. உடனே இவரு, மலேசியாவுல எங்க பெரியப்பா மவ இருக்கா, ரப்பர் எஸ்டேட்டு இருக்கு, பங்களா இருக்கு, காவலுக்கு யானை இருக்குன்னாரு. கல்யாணமாகி இத்தன வருசத்துல அந்த அக்கா ஒரு போன் கூடப் பண்ணல. இன்னைக்குக் கடவுளாப் பாத்துக் கொண்டாந்து விட்டுட்டான்."

இதைச் சொல்லும்போது முருகம்மாள் கண் இமைக்கவில்லை. கோகிலவாணி பள்ளிக்கூடக் கேண்டீன் நடத்திப் பிழைத்தவள். எஸ்டேட்டில் அவளுடைய அப்பா பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுத்தவர், முதலாளி இல்லை. வீட்டுக்காரன் விட்ட புளுகு எவ்வளவு பெரியது என்பது அவளுக்குப் புரிந்தது. இனிமேல் அந்த ஆளுடைய முகத்தைப் பார்க்காமல் இந்த வீட்டை விட்டுப் போக முடியாது என்று தீர்மானித்துவிட்டாள்.

விளக்கு வைக்கும் நேரத்துக்கு அவன் வந்தான். நல்ல தொந்தி. கையில் பெல்ட் பக்கிள் நிறைந்த பை.

"யாரு வந்திருக்கா?" என்றான் மனைவியிடம்.

"என்ன யாருங்கீய! உங்க மலேசியா அக்காளாம்லா!"

பை கையிலிருந்து நழுவி, பக்கிள்கள் தரையெல்லாம் சிதறின. கோகிலவாணி எழுந்துபோய் அவன் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"தம்பி! இப்படி மெலிஞ்சிட்டியே லா!"

அவன் மனைவியைப் பார்த்தான். வந்தவளைப் பார்த்தான். ஓட வழி இருக்கிறதா என்று வாசலையும் ஒரு தடவை பார்த்தான். கடைசியில், "அக்...கா" என்றான்.

"எஸ்டேட்டப் பத்தி விசாரியுங்க" என்றாள் முருகம்மாள்.

"எஸ்டேட்டு... நல்லா இருக்காக்கா?"

"இருக்கு தம்பி. மரமெல்லாம் உன்னத்தான் கேக்குது."

"யானை?" என்றாள் முருகம்மாள்.

அவன் நெற்றியில் வேர்வை துளிர்த்தது. அவனைப் பார்க்கக் கோகிலவாணிக்குப் பரிதாபமாக இருந்தது. இந்தப் பேச்சை இத்தோடு முடித்துவிடலாம் என்று, "யானை செத்துப்போச்சு தம்பி, போன வருசம்" என்றாள்.

அவன் அப்படியே உட்கார்ந்து தலையில் கைவைத்துக்கொண்டான். துக்கம் பொய்யாகத் தெரியவில்லை.

"அடப்பாவமே! அது பேரு என்ன?" என்றாள் முருகம்மாள்.

"லட்சுமி" என்றான் அவன். "ராமு" என்றாள் கோகிலவாணி. இரண்டும் ஒரே நேரத்தில் வந்தன.

"ரெண்டு யானையா!" என்று முருகம்மாள் வாயில் கைவைத்தபோது வாசலில் யாரோ கூப்பிட்டார்கள்.

"ஏ முருகம்மா! எங்க அக்காளக் குடு!"

ரோஜாப்பூ அட்டையைக் கையில் பிடித்தபடி ஓர் ஒல்லியான ஆள் நின்றான். அவன் பின்னால் அவன் மனைவி முத்துமாரி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். இனி அடக்க முடியாது என்று முருகம்மாள் ஏணிப்படியிலேயே உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாள்.

விஷயம் இதுதான். அந்தச் சந்தில் இரண்டு சொரிமுத்து. ஒருவன் பெல்ட் சொரிமுத்து, இன்னொருவன் டெம்போ சொரிமுத்து. மலேசியாவிலிருந்து தன் நாத்தனார் வருகிறாள் என்று முத்துமாரி தண்ணீர் பிடிக்கிற இடத்தில் ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். முருகம்மாளுக்கு அது நன்றாகத் தெரியும். காலையில் டீக்கடையில் அந்த நாத்தனாரைக் கண்டதும், புருஷனின் யானைக்கு ஒரு வழி பண்ணலாம் என்று தோன்றியது. பெட்டியை வீட்டில் வைத்த கையோடு முத்துமாரிக்குப் போன் செய்து, சாயங்காலம் வரை ஆளைக் கடன் கேட்டாள்.

"நான்தான் வச்சுக்கோன்னேன்" என்றாள் முத்துமாரி. "மைனிக்காகக் கக்கூஸ்ல புதுசா கமோடு வச்சோம். சிமெண்டு காயல. நானே என்ன செய்யன்னு முழிச்சிக்கிட்டு இருந்தேன்."

"அப்ப எனக்கு மட்டுந்தான் தெரியாதா?" என்றான் பெல்ட் சொரிமுத்து.

"எனக்கும் யாரும் சொல்லல" என்றாள் கோகிலவாணி. "நானா போட்டோவப் பாத்துத் தெரிஞ்சுக்கிட்டேன்."

முருகம்மாளின் சிரிப்பு நின்றது. "காலையிலயே தெரியுமா? பெறவு ஏன் மைனி சொல்லல?"

"குழம்பு வாசம் வந்துச்சு."

எல்லோரும் சிரித்தார்கள், டெம்போ சொரிமுத்துவைத் தவிர. கோகிலவாணி அப்போதுதான் அவனை நேராகப் பார்த்தாள். விரிந்து நிற்கும் காது, கொஞ்சம் சாய்ந்த தோள். அவளுடைய அப்பா இளவயதுக்காரராக வந்து வாசலில் நிற்பது போலிருந்தது. அவளாலும் அதற்கு மேல் சிரிக்க முடியவில்லை.

அவன் வீடு நாலு கதவு தள்ளி. போய் உட்கார்ந்த பிறகும் அவன் அட்டையைக் கீழே வைக்கவில்லை.

"மத்தியானம் வரைக்கும் ஏர்போர்ட்ல நின்னேன்க்கா, செல்போன வேற வீட்டுலயே மறந்து வச்சுட்டேன். கடைசி நேரத்துல வேண்டாம்னு நெனச்சு நீங்க பிளேன் ஏறலன்னு முடிவு பண்ணிட்டேன். வீட்டுக்கு வந்தா இவ சிரிக்கா, சாயங்காலம் வரைக்கும் உங்களக் கடன் குடுத்தாச்சுங்கா. எடம் மாறினது தெரிஞ்ச பெறவும் ஏன் அங்கயே இருந்தீய?"

கோகிலவாணிக்கு விளையாட்டாகப் பதில் சொல்ல மனம் வரவில்லை.

"பயம் தம்பி. உன் மெசேஜெல்லாம் ரேடியோ செய்தி மாதிரி இருக்கும். நேர்ல வந்து ஒக்காந்தா மழையப் பத்திப் பேசி முடிச்சப்பறம் என்னா பேசுறதுன்னு பிளேன்ல இருந்தே கவல. அந்த வீட்டுல எனக்குப் பயமே இல்ல, அவங்க எனக்கு யாரும் இல்லல்ல? அதான் அங்க கொஞ்சம் பழகிப் பாத்துக்கிட்டேன். இந்த ஊர்ல சொந்தக்காரங்க கிட்ட எப்படிப் பேசணும்னு."

அவன் அட்டையைக் கீழே வைத்தான். பிறகு மெல்லச் சொன்னான்.

"உங்களுக்கு மெசேஜ் அனுப்பணும்னா நான் மொதல்ல சட்டய மாத்திக்கிடுவேன்."

"மூஞ்சே தெரியாதே லா!"

"தெரியாதுதான். இருந்தாலும் மரியாதன்னு ஒண்ணு இருக்குல்லா."

முதலில் சிரித்தது யார் என்று முத்துமாரிக்கே தெரியவில்லை. அதன் பிறகு அக்காவும் தம்பியும் பேச்சை நிறுத்தவே இல்லை. சித்தப்பாவின் குறட்டை, அப்பாவின் கோபம், அந்த அண்ணன் தம்பி இரண்டு பேரும் ரசத்தில் மிளகைப் பொறுக்கி ஓரத்தில் வைக்கும் வழக்கம் என்று கதை போய்க்கொண்டே இருந்தது. சோற்றுத் தட்டு காய்ந்து போகிறது என்று முத்துமாரி அதட்ட வேண்டியிருந்தது.

மறுநாள் காலை பெல்ட் சொரிமுத்து வாசலில் வந்து தயங்கி நின்றான். கையில் ஒரு புதுக் கைப்பை.

"அக்கா, இது உங்களுக்கு. நானே தச்சது."

"உள்ள வா தம்பி. வேற என்னா விசயம்?"

"ஞாயித்துக்கிழம என் மச்சினன்மாரு துபாய்ல இருந்து லீவுல வாரானுவ. ரெண்டு பேரும் பேச ஆரம்பிச்சா புது பிளாட்டு, புது காருன்னு விடியறவரைக்கும் ஓடும். முருகம்மாதான் அக்காளப் போயி கேட்டுட்டு வாரும்னு அனுப்பிச்சா. ஒரே ஒரு மத்தியானம் மட்டும்..."

"அதெல்லாம் தர முடியாது" என்றான் டெம்போ சொரிமுத்து உள்ளேயிருந்து. "நேத்துத்தான் எனக்கே கெடச்சிருக்கா."

"வே, நீரும் வாரும்வே. உம்ம விட்டுட்டா கூப்பிடுதேன்?"

டெம்போ சொரிமுத்து எழுந்து வாசலுக்கு வந்தான். வாழ்நாளில் புளுகியே பழக்கமில்லாத ஆள்.

"நான் வந்தா யாரா வரணும்?"

"எஸ்டேட்டு மேனேஜரு."

அவன் அக்காவைப் பார்த்தான். கோகிலவாணி கைப்பையின் வாரைத் தோளில் மாட்டி அளவு பார்த்தபடி, பங்களாக்காரி போலத் தலையை நிமிர்த்திக் கொண்டிருந்தாள்.

"சம்பளம் எம்புட்டுன்னு கேட்டா என்ன சொல்லட்டும்?" என்றான்.

அடுப்படியிலிருந்து முத்துமாரி எட்டிப் பார்த்தாள். "அத விடுங்க. மேனேஜரு பொண்டாட்டி எந்தச் சேலையக் கட்டணும்?"