கட்டைவிரலுக்குத் தெரிந்த வயசு

1.

கிட்ட வாங்க. ஃபேன் போடுகிற சத்தத்தில் என் குரல் கேட்காது, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். இன்றைக்கு ஒரு கதை தருகிறேன். நின்று நின்றுதான் போகும். அடித்த வரிகள் அப்படியே கிடக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள் கண்ணுகளா, பள்ளிக்கூடத்தில் கற்ற கை இல்லை இது.

கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். பொறாமையிலிருந்து வந்தது. ஒருத்தி எனக்கு ஒரு நல்லது செய்தாள். நல்லதா என்பதே இன்னும் எனக்குத் தெளிவில்லை. நல்லதாக இருந்துவிடுமோ என்கிற நினைப்புதான் வாளை மீன் முள்ளாகத் தொண்டையில் நிற்கிறது.

2.

முதல் தொடக்கம்: "ராயபுரத்தில் ஃப்ளோரன்ஸ் என்று ஒரு பெண்மணி. அவளுக்கு வயது—"

அங்கேயே பேனா நின்றுவிட்டது.

இரண்டாம் தொடக்கம்: "ஆளைத் தூங்கவைப்பது வேறு, அசையாமல் கிடத்துவது வேறு. ஆபரேஷனுக்கு இரண்டும் வேண்டும்—"

இது மயக்க மருந்து டாக்டர் உஸ்மா சொன்னது. பின்னால் உதவும். இங்கேயே கிடக்கட்டும்.

மூன்றாம் தொடக்கம்: "கரோலின் நல்லவள்."

[அடித்துவிட்டேன்.]

3.

சரி, கல்யாணத்திலிருந்து வருகிறேன்.

ஃப்ளோரன்ஸின் கணவர் பேர் அம்புரோஸ். கல்யாணத்தன்று அவளுக்கு இருபத்தொன்று. பந்தியில் அம்புரோஸின் அத்தை, இன்னும் நாலு வருஷம் பொறுத்திருந்தால் என் பெண்ணே வளர்ந்திருப்பாளே என்று எல்லார் காதிலும் விழச் சொன்னாள். அந்தப் பெண்தான் கரோலின். அன்றைக்குப் பதினாலு வயசு. மணப்பெண்ணின் முக்காட்டு நுனியைப் பிடித்துக்கொண்டு கோயிலுக்குள் நடந்து வந்தவளும் அவள்தான்.

[அத்தை கேலியாகச் சொன்னாள் என்று எழுதுவதே நியாயம். கேலிதான். ஆனால் ஐம்பத்தோரு வருஷமாக எனக்கு அது கேலியாகக் கேட்கவில்லை.]

பார்த்தீர்களா, 'எனக்கு' என்று எழுதிவிட்டேன். இனி மறைப்பானேன். ஃப்ளோரன்ஸ் நான்தான்.

4.

கல்யாணமாகி ஏழு வருஷம் கழித்து இவருக்குக் கொருக்குப்பேட்டையில் ஒரு சரக்குக் கிடங்கில் வேலை வந்தது. இருபத்தைந்துக்குள் ஆள் வேண்டும் என்றார்கள். இவருக்கு முப்பது. மேஸ்திரி பொன்னுரங்கம் வழி சொல்ல, இருபத்து மூன்று என்று எழுதிக்கொடுத்தார். அப்புறம் ரேஷன் கார்டைப் பார்த்தால் புருஷனுக்கு இருபத்து மூன்று, பெண்டாட்டிக்கு இருபத்தெட்டு. அதனால் எனக்கும் ஏழு வருஷம் வெட்டினார்கள். எங்கள் தெருவில் பல வீட்டில் இப்படித்தான்: கோயில் ஞானஸ்நானப் பதிவேட்டில் ஒரு வயசு, கார்டில் ஒரு வயசு. என் மகனுக்கு அப்போது ஆறு. காகிதப்படி நான் அவனைப் பதினைந்தில் பெற்றிருக்கிறேன். யாரும் கழித்துப் பார்க்கவில்லை.

மற்றவர்கள் அந்த வயசை வாசலோடு விட்டார்கள். நான் வீட்டுக்குள் கொண்டுவந்தேன். ஏனென்றால் வெட்டிய பிறகு எனக்கும் கரோலினுக்கும் ஒரே வயசு. அதுவரை என்னை அக்கா என்று கூப்பிட்டவளிடம், இனிமேல் பேர் சொல்லியே கூப்பிடு என்றேன். சரி என்றாள். நாற்பத்து நாலு வருஷம் 'ஃப்ளோரன்ஸ்' என்றே கூப்பிட்டாள். ஒரு தடவைகூட வாய் தவறவில்லை.

அந்த ஒழுங்கும் எனக்கு எரிச்சல்தான்.

5.

இந்த வருஷம் எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே மாதத்தில் பித்தப்பைக் கல். கதைக்காகக் கோத்தது என்று நினைப்பீர்கள். நான் கோத்திருந்தால் அவளுக்கு வேறு வியாதி கொடுத்திருப்பேன். (எனக்கு மூன்று கல், அவளுக்கு ஒன்று. இதில் மட்டும் நான் மேலே.)

ஆஸ்பத்திரியின் பேர் வேண்டாம். பக்கத்துப் பக்கத்துக் கட்டில். நடுவில் ஸ்டூல் போட்டு இவர் உட்கார்ந்திருந்தார். முகம் யார் பக்கம், முதுகு யார் பக்கம் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

டாக்டர் உஸ்மா வந்தார். தூங்கவைக்கிற மருந்தோடு, தசையைத் தளர்த்துகிற மருந்து ஒன்றும் போடுவார்களாம். நரம்பு சொல்வது தசைக்குப் போய்ச் சேருகிற வாசலில் அது உட்கார்ந்துகொள்ளுமாம். மூச்சுவிடுகிற தசையும் ஓய்ந்துபோவதால் அது விலகும்வரை மெஷின்தான் மூச்சு. பிறகு உடம்பு அந்த மருந்தைக் கல்லீரல் வழியாகவும் சிறுநீரகம் வழியாகவும் வெளியேற்ற வேண்டும். காலையில் பதினெட்டு நாள் குழந்தை ஒன்றுக்குப் போட்டாராம். அந்த உறுப்புகள் முதிராத பச்சை உடம்பில் கொஞ்சம் போட்டாலே நெடுநேரம் நிற்குமாம். ஓடியாடுகிற ஏழெட்டு வயசுக்கு எடைக்குத் தகுந்தாற்போல் கூடவே வேண்டுமாம், சீக்கிரமும் விலகிவிடுமாம். வயசானவர்களுக்குப் பிடிக்கவும் தாமதம், விடவும் தாமதம்.

(எல்லாம் அப்படி இல்லையாம். ரத்தத்தில் தானாகவே உடைந்துபோகிற ரகம் ஒன்று உண்டு, அதற்குக் கிழவி குமரி பேதம் அவ்வளவாகக் கிடையாது. அன்றைக்கு எனக்கு வாய்த்தது பேதம் பார்க்கிற ரகம்.)

"அதான் கேக்கறேன்மா. உங்க வயசு சரியா என்ன?"

இவர் ஃபேனைப் பார்த்தார். கரோலின் தன் விரல் நகத்தைப் பார்த்தாள்.

"அறுபத்தஞ்சு" என்றேன்.

டாக்டர் அவள் பக்கம் திரும்பினார்.

"எனுக்கும் அதான் டாக்டரம்மா. நாங்க ரெண்டு பேரும் ஒண்ணா வளந்த மாதிரி" என்றாள் கரோலின்.

உயிரே போனாலும் அந்த ஸ்டூலுக்கு முன்னால் எழுபத்திரண்டு என்று என் வாயிலிருந்து வந்திருக்காது. இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. அப்படித்தான் இருந்தேன்.

6.

அடுத்து நடந்ததற்கு நான் சாட்சி இல்லை, நான் மயக்கத்தில் இருந்தேன். இந்தப் பகுதியை மெர்லினிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். தியேட்டரில் வேலை செய்கிற பெண், காசிமேட்டுக்காரி, வாய் கொஞ்சம் நீளம்.

ஒரே அறை, இரண்டு மேசை. எங்கள் மணிக்கட்டில் இரண்டு ஒயரை ஒட்டி லேசாகக் கரண்ட் விடுவார்களாம். கட்டைவிரல் வரிசையாக நாலு தடவை துடிக்க வேண்டும். மருந்து பிடித்திருக்கும்போது ஒன்றும் இருக்காது. விலக விலக ஒன்று, இரண்டு, மூன்று என்று வரும். நாலும் வந்தபிறகுதான் எதிர்மருந்து போட்டு, நாலும் ஒரே பலமாக இருந்தால்தான் தொண்டைக் குழாயை எடுப்பார்கள்.

"ஆன்ட்டி, உன் வெரலு இன்னா அடம் புடிச்சிது தெரியுமா? அந்த ஆன்ட்டிக்கு நாலும் வந்து பேசிகினே வெளிய போய்ட்ச்சி. உனுக்கு ரெண்டுலயே நின்னுகினு கீது. டாக்டரு சேரப் போட்டு குந்திட்டாங்க."

அப்படியானால் இவர் முதலில் பார்த்தது அவளைத்தான். ஐம்பது நிமிஷம் அவள் பக்கத்தில் இருந்திருக்கிறார். மெர்லினை இரண்டு தடவை கேட்டு அந்த ஐம்பதை உறுதி செய்துகொண்டேன்.

சொல்லக்கூடாததையும் மெர்லின் சொல்லிவிட்டாள். என் கேஸ் ஷீட்டில் அறுபத்தைந்து அடிக்கப்பட்டு, பக்கத்தில் சிவப்பு மையில் எழுபத்திரண்டு. என்னை முதலில் உள்ளே கொண்டுபோய் மருந்து போட்ட பிறகு, தியேட்டர் வாசலில் தள்ளுவண்டியில் படுத்திருந்த கரோலின், டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாளாம்:

"அவ என்னவிட ஏழு வருஷம் பெரியவ டாக்டரம்மா. கேட்டா சொல்லமாட்டா. பாத்து குடுங்க. நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாதீங்க."

7.

இங்கேதான் எனக்கு அவள் மேல் சந்தேகம். இந்தப் பாத்திரத்தை எப்படி எழுதுவது?

ஒரு கரோலின்: நாற்பத்து நாலு வருஷம் காத்திருந்து, நான் பேச முடியாத நேரம் பார்த்து என் வயசைப் போட்டு உடைத்தவள். இவளை எழுத எனக்குப் பிடிக்கிறது, பேனா வழுக்கிக்கொண்டு ஓடுகிறது.

இன்னொரு கரோலின்: எனக்கு முன்னால் என் பொய்யைக் காப்பாற்றி, எனக்குப் பின்னால் என்னைக் காப்பாற்றிய—

[இந்த வாக்கியத்தை முடிக்க முடியவில்லை. மூன்று நாள் ஆயிற்று.]

தையல் பிரிக்கப் போனபோது டாக்டர் உஸ்மாவிடமே கேட்டேன். எந்த வயசு எழுதியிருந்தாலும் விரலைப் பார்க்காமல் குழாயை எடுத்திருக்க மாட்டேன் என்றார். பார்த்தீர்களா, அவளுக்கு நான் கடமைப்படவில்லை என்று மனசு குதித்தது. உடனே அவர், தெரிந்ததால்தான் இரண்டாவது தடவை மருந்தைக் குறைத்து, தள்ளிப் போட்டேன், இல்லாவிட்டால் இன்னும் எவ்வளவு நேரம் கிடந்திருப்பீர்களோ என்றார். குதித்தது உட்கார்ந்துவிட்டது.

இவரையும் கேட்டேன், நீங்கள் ஏன் சொல்லவில்லை என்று. நீ சொல்லாததை நான் எப்படிச் சொல்வது என்றார். அவள் சொன்னாளே. அதுதான் எரிகிறது. எனக்காகப் பயப்படுகிற வேலை இந்த மனுஷனுடையது. அதையும் அவளே எடுத்துக்கொண்டாள்.

8.

முடிவுகள்.

(அ) அந்த மேசையிலிருந்து கரோலின் கண் விழிக்கவே இல்லை. இப்படி ஒரு பக்கம் எழுதினேன். எழுதும்போது பேனா ஒரு இடத்தில்கூட நிற்கவில்லை. அதுதான் பயமாகிவிட்டது. நாலாகக் கிழித்து அடுப்பில் போட்டேன்.

(ஆ) இருவரும் கட்டிக்கொண்டு அழுகிறார்கள். பொய். எங்களுக்கு அந்த வழக்கமே இல்லை.

(இ) நடந்தது. மெர்லின் சொன்னதல்ல, நானே கேட்டது. மயக்கம் தெளிகிற அறை. நான் இன்னும் கண் திறக்கவில்லை. இமை அரிசி மூட்டை கனம். பக்கத்துத் தள்ளுவண்டியிலிருந்து ஒரு குரல்.

"அக்கா. கண்ணத் தொறக்கா. நான் இங்கதான் கீறேன்."

நாற்பத்து நாலு வருஷத்துக்குப் பிறகு. இவர் அங்கேயே நின்றுகொண்டிருக்கும்போது. ஜெயித்துவிட்ட குரலா, பயந்துபோன குரலா? அந்த ஒரு குரலை எத்தனையோ தடவை மனசுக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டேன், கண்ணுகளா. ஒரு நாள் அப்படிக் கேட்கிறது, ஒரு நாள் இப்படி.

வீட்டுக்கு வந்த பிறகு அவள் என்னை அக்கா என்றும் கூப்பிடுவதில்லை, ஃப்ளோரன்ஸ் என்றும் கூப்பிடுவதில்லை. 'இந்தா' என்கிறாள். எது என்று நான் சொல்லக் காத்திருக்கிறாள். அக்கா என்று கூப்பிடு என்றால், எழுபத்திரண்டை நானே அந்த ஸ்டூலுக்கு முன்னால் வைத்தமாதிரி. பேர் சொல் என்றால், அந்தத் தள்ளுவண்டியில் கேட்ட சொல்லைத் திருப்பிக் கொடுத்தமாதிரி. அதைக் கொடுக்கவும் எனக்கு மனசில்லை.

9.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே கரோலின் கீழே வந்துவிட்டாள். சுறாப்புட்டு வாசனை படியேறி வருகிறது. இவருக்குப் பிடிக்கும் என்று செய்திருப்பாள், அல்லது எனக்கு இப்போது எண்ணெய் ஆகாது என்று ஆவியில் வேகவைத்து—

"இந்தா, கதவத் தொற. கை சுடுது."

எழுந்து போகிறேன். கதவைத் திறந்ததும் அவளிடம் ஒரு சொல் சொல்ல வேண்டும். அதைத் திரும்பி வந்து இங்கே எழுத மாட்டேன். எழுத என்னிடம் விட்டால் அப்போதும் அவள் பங்கில் ஒரு பிடி குறைத்துத்தான் எழுதுவேன். அந்தச் சொல்லை நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள். அவளை எனக்கு எப்படிக் கூப்பிடத் தெரியுமோ அப்படி இல்லாமல், உங்களுக்கு எப்படித் தோன்றுகிறதோ அப்படி.

போய்வாருங்கள். உங்கள் வீட்டில் யார் எந்த வயசில் அந்த மேசையில் படுத்தாலும், கட்டைவிரல் நாலு தடவையும் துடிக்கட்டும். கண் திறக்கும் முன்பே உறவு சொல்லிக் கூப்பிட ஒரு குரல் பக்கத்தில் இருக்கட்டும். அந்தக் குரலை அப்படியே நம்புகிற மனசையும் ஆண்டவர் உங்கள் வீட்டுக்குக் கொடுக்கட்டும்.