படம் பார்க்கப் போன ஏழு பேர்

மேசையில் இறால் வந்து குவிந்ததும் அமுதவள்ளி ஐஸை ஒதுக்கிவிட்டு முதல் இறாலை எடுத்தாள். தலையைக் கிள்ளி, ஓட்டை உரித்து, முதுகிலிருந்த கறுப்பு நரம்பை ஒரே இழுப்பில் உருவிச் சதையைப் பாத்திரத்தில் போட்டாள். அதற்குள் அடுத்தது கைக்கு வந்திருந்தது. குனிந்து பார்க்காமலே செய்கிற வேலை என்பதால் வாய்க்கு ஓய்வு இருப்பதில்லை. தோப்பும்படித் துறைமுகத்துக்குப் பின்னாலிருக்கும் அந்த இறால் உரிக்கும் கொட்டகையில் மேசைக்கு மேசை பேச்சு ஓடும். இன்று எல்லோருக்கும் ஒரே பேச்சு, மஞ்சுஷா.

மஞ்சுஷா போன மழைக்காலம் வரைக்கும் இதே மேசையில் நின்று இறால் உரித்தவள். அவள் அப்பா ரங்கசாமி கார்ப்பரேஷனில் துப்புரவு வேலை. அமுதவள்ளி வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி அவர்கள் வீடு. கொட்டகையில் கழித்துப் போட்ட அட்டைப் பெட்டிகளை மஞ்சுஷா பிரித்து எடுத்துப்போய், உட்புறத்தில் கரித்துண்டால் வரைந்துகொண்டிருப்பாள். இப்போது மட்டாஞ்சேரி பஜாரில் ஒரு பழைய அரிசிக் கிடங்கின் மாடியை வேறு சில பெண்களோடு சேர்ந்து வாடகைக்கு எடுத்து அங்கேயே வரைகிறாள். இந்த வாரம் அந்தப் பக்கத்து ஓவியர்கள் எல்லாம் தங்கள் ஸ்டுடியோவைத் திறந்துவைத்திருக்கிறார்கள். யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம். இன்று கடைசி நாள்.

"உங்களையெல்லாம்தான் அக்கா வரைஞ்சிருக்கேன். நீங்க வராம வேற யார் வந்து என்னத்துக்கு?" என்று நேற்று வீட்டு வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

அதைக் கேட்டதிலிருந்து அமுதவள்ளிக்கு ஒரு கூச்சம். தன்னை வரைய என்ன இருக்கிறது? ஐஸிலும் இறால் நீரிலும் ஊறி ஊறி அவள் நகங்கள் மஞ்சளாகிக் கெட்டிருந்தன. விரலிடுக்குகள் வெடித்திருந்தன. மகளின் நிச்சயதார்த்தத்தன்று தாம்பாளத்தைக் கொடுக்கும்போது கைகளை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டுதான் கொடுத்தாள். மாப்பிள்ளை வீட்டார் அதை மரியாதை என்று நினைத்துக்கொண்டார்கள்.

சூப்பர்வைசர் ஷாஜி பாத்திரங்களை எடை போட வந்தபோது ஓமனாதான் ஆரம்பித்தாள். ஓமனா மலையாளி. தமிழ்ப் பெண்களோடு நின்று நின்று பாதி தமிழும் பாதி மலையாளமுமாகப் பேசுவாள்.

"ஷாஜி சேட்டா, உச்சைக்கு மேல அரை நாள் ஏழு பேருக்கு லீவு வேணும்."

"எந்தினா?"

"படம் பாக்க."

"ஏழு பேரா? எந்தத் தியேட்டர்ல?"

மேசை முழுக்கச் சிரித்தது. அமுதவள்ளி, "தியேட்டர் இல்ல சேட்டா. நம்ம மஞ்சுஷா வரைஞ்ச படம், மட்டாஞ்சேரில" என்றாள்.

ஷாஜி கெட்டவன் இல்லை. தலையைச் சொறிந்தான். "லோடு வந்து நிக்குது. லீவு கொடுத்தா எனக்கே வேலை இருக்காது. சோத்து நேரத்துல போயிட்டு வாங்க. பெல் அடிக்கும்போது மேசைல நிக்கணும், கேட்டியா?"

ஐஸ் இறக்கிவிட்டுத் திரும்புகிற சுதீரின் குட்டியானை வண்டி கிடைத்தது. உடை மாற்ற நேரமில்லை. பிளாஸ்டிக் ஏப்ரனோடும் ரப்பர் பூட்ஸோடும் ஏழு பேரும் பின்னால் ஏறிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். வண்டி கிளம்பியதும் எல்லாரிலும் இளையவளான சுமா தலைத்தொப்பியைக் கழற்றி வீசி ஆட்டினாள். காற்று முகத்தில் அடித்தது. பகல் வெளிச்சத்தை வேலைநாளில் பார்த்து எவ்வளவு காலமாயிற்று! சாயாக் கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "கல்யாண வண்டியா?" என்று யாரோ கத்த, "ஆமா, மாப்பிள்ளைதான் கிடைக்கல!" என்று ஓமனா திருப்பிக் கத்தினாள்.

பஜார் தெருவில் சுக்கு மணம் மூக்கைக் குத்தியது. கிடங்கின் மரப்படி அடியில் வந்ததும் எல்லோரும் தயங்கி நின்றார்கள்.

"நம்ம நாத்தம் நமக்கு முன்னாலயே மாடி ஏறிப்போயிருக்கும்" என்றாள் அமுதவள்ளி.

"போகட்டும். வழி காட்டும்" என்று சொல்லிவிட்டு ஓமனா பூட்ஸைக் கழற்றினாள். முன்பே படம் பார்க்க வந்திருந்தவர்களின் மெல்லிய செருப்புகளுக்கு நடுவே ஏழு ஜோடி பூட்ஸ் வரிசையாக நின்றது.

முதல் அறையில் ஒரு பெண் தரையில் உட்கார்ந்து பழைய அரிசிச் சாக்கில் சிவப்பு நூலால் ஒரு பெரிய மரத்தைத் தைத்துக்கொண்டிருந்தாள். இவர்களைப் பார்த்ததும் எழுந்து வந்தாள். "வாங்கோ, வாங்கோ. நான் ஸுப்ரியா, பாலக்காடு. தொட்டுப் பாக்கலாம், ஒண்ணும் ஆகாது."

ஏப்ரனின் உள்பக்கம் கையைத் துடைத்துக்கொண்டு ஒவ்வொருவராகத் தொட்டுப் பார்த்தார்கள். நூலில் தைத்த இலைகள் விரலில் புடைப்பாகத் தட்டுப்பட்டன. மரத்தின் வேர் சாக்கைத் தாண்டி, தரையில் நூலாகவே ஓடி, சுவர் மூலை வரைக்கும் போயிருந்தது. சுமா அதன் பின்னாலேயே போய்க் குந்திப் பார்த்தாள்.

"இதச் செய்யச் சொல்லி உங்கள யாரு வேலைக்கு வச்சிருக்கா?" என்று கேட்டாள்.

"யாரும் இல்லை. நானேதான்."

"சூப்பர்வைசர்?"

"அதுவும் இல்லை."

சுமா எழுந்து அறையைச் சுற்றிப் பார்த்தாள். "இங்க இன்னும் ஒரு ஆளுக்கு எடம் இருக்கா?"

ஸுப்ரியா வாய்விட்டுச் சிரித்ததில் அவள் கையிலிருந்த ஊசி கீழே விழுந்தது. எட்டுப் பேரும் குனிந்து தேடினார்கள்.

சத்தம் கேட்டு அடுத்த அறையிலிருந்து மஞ்சுஷா ஓடிவந்தாள். விரல், கன்னம், காது எல்லாம் கரி. "அக்கா!" என்று அமுதவள்ளியைக் கட்டிக்கொண்டாள். அவளை இழுத்துக்கொண்டே உள்ளே போனாள்.

மற்றவர்கள் பின்னாலேயே போனார்கள். பிரித்து ஒட்டிய அட்டைகள் தரையிலிருந்து உத்திரம் வரைக்கும் சுவரை மறைத்திருந்தன. அவற்றில் கொட்டகை இருந்தது. வரிசையாக வளைந்த முதுகுகள். தொப்பியும் மாஸ்க்கும் மறைத்த முகங்கள். மேசை மேல் கைகள்.

"மூஞ்சியே காணோமே. யார் யாருன்னு எப்படித் தெரியும்?" என்றாள் சுமா.

ஆனால் தெரிந்தது. "இது நீ! வலது தோள் சரிஞ்சு நிக்கிறது உன்னத் தவிர யாரு?" "இது ஓமனா. வாய் மூடியிருந்தாலும் பேசுற மாதிரியே இருக்கு பாரு!" "எனிக்கி இத்தற தடியா? இவ்வளவு குண்டா நானு?" என்று ஓமனா இடுப்பில் கைவைத்து மஞ்சுஷாவிடம் சண்டைக்குப் போனாள். ஆளாளுக்குத் தன்னைத் தேடினார்கள். தன்னைக் கண்டுபிடித்தவள் கத்தினாள், கண்டுபிடிக்காதவள் மஞ்சுஷாவின் கையைப் பிடித்து உலுக்கினாள்.

அமுதவள்ளி ஜன்னலோரச் சுவர் முன்னால் நின்றுவிட்டாள். அங்கே ஒரே ஒரு கை, கதவளவுக்கு. வெடித்த விரலிடுக்குகள் உழுத நிலம்போல ஓடின. கெட்ட நகம் ஒன்று விடாமல் இருந்தது. சுட்டுவிரலுக்கும் கட்டைவிரலுக்கும் நடுவே ஒரு இறால் நரம்பு, தலைமுடி கனத்தில், அறுந்துபோகாமல் பாதி வெளியே வந்து நின்றது.

ஓமனா பக்கத்தில் வந்தாள். "அமுதா, இது நின்றெ கை."

"ம்."

"எந்து பங்கி!" என்றாள் ஓமனா. என்ன அழகு என்று அவள் எதையும் சும்மா சொல்கிறவள் இல்லை.

அமுதவள்ளி தன் கையை முகத்துக்கு நேரே தூக்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சிரிப்பு வந்தது.

"ஒவ்வொண்ணுக்கும் கீழ சுவத்துல பேரு எழுதப்போறேன்" என்று மஞ்சுஷா கரித்துண்டோடு வந்தாள்.

"எனக்குத் தமிழ்ல எழுது."

"எனக்குத் தமிழ் எழுத வராதே அக்கா. நான் படிச்சது மலையாளம்தான்."

"கொண்டா இங்க." அமுதவள்ளி கரியை வாங்கிக்கொண்டு, சுண்ணாம்புச் சுவரில் தன் பெயரை எழுத்துக் கூட்டி எழுதினாள். 'ள்ளி' கொஞ்சம் கோணலாகப் போயிற்று. அழித்துவிட்டுச் சரியாக எழுதினாள்.

அந்த நேரம் தலை நரைத்த ஓர் அம்மாள் படங்களைப் பார்க்க வந்திருந்தாள். பெரிய கையின் முன் வெகுநேரம் நின்றுவிட்டு, யாருடையது என்று மலையாளத்தில் கேட்டாள். மஞ்சுஷா அமுதவள்ளியைக் காட்டினாள். அந்த அம்மாள் நேரே வந்து கை நீட்டினாள். அமுதவள்ளியின் கை வழக்கம்போல முந்தானையைத் தேடியது. ஏப்ரன்தான் இருந்தது. அவளும் நீட்டினாள். கரியும் இறால் வாடையும் அந்த அம்மாளின் கையில் ஒட்டின. அவள் துடைத்துக்கொள்ளவில்லை.

கீழே சுதீர் ஹாரனை அடித்துக்கொண்டேயிருந்தான்.

திரும்பும் வழியில் அரிசி லாரி ஒன்று தெருவை அடைத்து நின்றது. அதற்கும் அவர்கள் கவலைப்படவில்லை. ஓமனா தன் படத்தைப்போல முதுகை வளைத்துக் காட்ட, மற்றவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். கொட்டகைக்கு வந்தபோது இரும்புக் கதவு சாத்தியிருந்தது. சுமா தட்டினாள்.

உள்ளேயிருந்து ஷாஜியின் குரல் தாழ்ந்து வந்தது. "பெல் அடிச்சு எவ்வளவு நேரமாச்சு? முதலாளி வந்து பாத்துட்டாரு. உங்க மேசைக்கு வேற ஆளு நிறுத்தியாச்சு."

"நாளைக்கு?" என்று கேட்டாள் அமுதவள்ளி.

"அது எனக்குத் தெரியாது சேச்சி."

ஓமனா கதவில் தட்டினாள். "சேட்டா, விசக்குது. எங்க சோறாவது தா. எல்லாம் உள்ள இருக்கு."

"கதவத் திறக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காரு." காலடி போய்த் திரும்பி வந்தது. கதவுக்கும் தரைக்கும் நடுவே இருந்த இடுக்கு வழியாக, ஐஸ் தண்ணீரோடு சறுக்கிக்கொண்டு ஒரு சோற்றுப் பாத்திரம் வெளியே வந்தது. பின்னால் இன்னொன்று. "இது சுமாவுது!" "இது என்னுது!" என்று எடுத்துக்கொண்டு, மீன் கூடைகளைக் கவிழ்த்துப்போட்டு வெயிலில் உட்கார்ந்தார்கள். சுமா மறுபடி மரத்தின் வேரைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள்.

கடைசிப் பாத்திரம் கொஞ்சம் உயரம். இடுக்கில் சிக்கிக்கொண்டது. உள்ளேயிருந்து ஒரு பூட்ஸின் முனை அதைத் தள்ளிக்கொண்டிருந்தது. வெளியே அமுதவள்ளி ஈரத்தரையில் மண்டியிட்டு அதைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள்.