இடுப்பளவு தண்ணீர்

எங்கள் பாஸ்டர் நாசாரியோ வார நாட்களில் கூரை போடுகிற தச்சர். ஹோண்டுராஸ் முழுக்கத் தேடினாலும் அவரைப்போல விட்டத்தின்மேல் பூனை மாதிரி நடக்கிற ஆள் கிடைக்கமாட்டார். ஒருமுறை கூரை உச்சியில் குந்தி உட்கார்ந்து தோர்த்தியா ரொட்டியும் பீன்ஸும் தின்றபடியே, கீழே தள்ளாடிக்கொண்டிருந்த குடிகாரன் ஒருவனை மனந்திரும்பச் சொல்லி அரைமணி நேரம் பிரசங்கம் செய்தார்.

அப்பேர்ப்பட்டவருக்கு முழங்காலுக்கு மேல் தண்ணீர் ஏறினால் உயிர் போய்விடும். ஒன்பது வயதில் ஆற்று வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டவராம். பக்கத்தில் நீந்திக்கொண்டிருந்த ஒரு பசுமாட்டின் வாலைப் பிடித்துக் கரையேறியிருக்கிறார். அப்போதெல்லாம் இது அவர் மனைவி ஒதீலியாவுக்கு மட்டும் தெரிந்த ரகசியம்.

எங்கள் சபையில் ஞானஸ்நானம் ஆற்றில்தான். தலை முழுக்க முங்கி எழ வேண்டும். இத்தனை வருஷமாகத் தலைநகர் தெகூசிகால்பாவிலிருந்து பெரிய பாஸ்டர் வந்து கொடுத்துவிட்டுப் போவார். அந்த வருஷம் அவருக்கு மூட்டு பிடித்துக்கொண்டது. "இனிமேல் நீங்களே கொடுத்துவிடுங்கள்" என்று சொல்லியனுப்பிவிட்டார்.

காத்திருந்தது ஒரே ஒரு ஆத்துமா. பன்றிக்கறிக் கடைக்கார அம்மா, தோன்யா தெமெத்ரியா. முழுப் பன்றியைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவைக் கடக்கிற பெண்மணி. அவருக்கு பாஸ்டர் சொன்ன சாக்குகளைக் கேட்க வேண்டும். மே மாதம் ஆறு கலங்கலாக இருந்தது. ஜூலையில் முதலை வந்திருப்பதாக யாரோ சொன்னார்கள். செப்டம்பரில் தண்ணீர் சில்லென்று இருந்தது. எங்கள் ஊரில் செப்டம்பரில் கோழிகூட நிழல் தேடி ஓடும்.

நவம்பரில் தெமெத்ரியா பொறுமை இழந்தார்.

"பாஸ்டர், வெள்ளை அங்கி தைச்சு ஏழு மாசமாச்சு. ரெண்டு தடவை தையலைப் பிரிச்சு விட்டாச்சு. இன்னும் தள்ளிப் போட்டீங்கன்னா புதுத் துணிதான் எடுக்கணும்."

"ஆண்டவருடைய நேரம்னு ஒண்ணு இருக்கு, சகோதரி."

"அவர் நேரமா, உங்க நேரமா?"

பாஸ்டருக்கு முகம் செத்துவிட்டது. அந்தச் சனிக்கிழமை மத்தியானம் சபைக்குள் தனியாக உட்கார்ந்து ராஜினாமா எழுத ஆரம்பித்தார். காப்பியோடு வந்த ஒதீலியா எட்டிப் பார்த்தார்.

"யாருக்கய்யா எழுதற? பெரிய பாஸ்டருக்கா, கர்த்தருக்கா?"

"ரெண்டு பேருக்கும்தான். நான் கோழை, ஒதீலியா. தினமும் கேக்கறேன், இந்தப் பயத்தை எடுத்துடும் ஆண்டவரேன்னு. அவர் எடுக்கலையே."

"எடுத்துடறேன்னு எப்பச் சொன்னார்? கூட வர்றேன்னுதானே சொல்லியிருக்கார்? போன ஞாயித்துக்கிழமை நீதானே மேசையைத் தட்டித் தட்டிப் பிரசங்கம் பண்ணின. நான் முன் வரிசையிலதான் உக்காந்திருந்தேன்."

சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். பாஸ்டர் முழங்கால் போட்டார். அன்றைக்கு அவர் செய்தது நீண்ட ஜெபமில்லை. "ஆண்டவரே, பயம் இருந்தா இருந்துட்டுப் போகட்டும். நீர் கூட வந்தா நான் வர்றேன்." அவ்வளவுதான்.

மறுநாள் ஆராதனையில் நாங்கள் பதினான்கு பேர். நான் கிட்டாரோடு ஓரத்தில் நின்றேன். எனக்குத் தெரிந்த மூன்று ஸ்வரக்கட்டுகளில்தான் எங்கள் சபையின் எல்லாப் பாட்டும் அடங்கும். பாஸ்டர் எழுந்து, தண்ணீர் பயத்தைப் பசுமாட்டு வால்வரைக்கும் சொல்லி முடித்தார். ஏறிட்டுப் பார்த்தால் தெமெத்ரியாவின் கண்ணில் தண்ணீர்.

"இதுக்காகவா, பாஸ்டர்? என் பழைய வாழ்க்கையை நெனச்சுத்தான் நீங்க தள்ளிப் போடறீங்கன்னு இருந்தேன். இவளுக்கெல்லாம் எதுக்குன்னு ஆண்டவரே சொல்லிட்டார் போலன்னு ராத்திரியெல்லாம் அழுதிருக்கேன்."

தன் பயம் இன்னொருத்தர் மனசை இப்படி அரித்திருக்கும் என்று பாஸ்டர் நினைத்தே பார்த்ததில்லை. சட்டென்று காலணியைக் கழற்றினார்.

"அங்கியை எடுத்துட்டு வாங்க, சகோதரி. இப்பவே போறோம்."

ஊரே பின்னால் வந்தது, நானும் கிட்டாரை வாசித்தபடியே போனேன். ஆற்றில் ஒவ்வோர் அடிக்கும் பாஸ்டர் உரக்க ஜெபித்தார். முழங்காலில் "ஸ்தோத்திரம்" என்றார். தொடையில் "ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்றார். இடுப்பளவில் பல் தந்தியடித்ததில் என்ன சொன்னார் என்று யாருக்கும் விளங்கவில்லை. தெமெத்ரியாவின் முதுகில் ஒரு கையும் தலையில் ஒரு கையும் வைத்தார்.

"பிதா, குமாரன்..."

பாசிக் கல்லில் கால் வழுக்கியது. இரண்டு பேரையும் காணோம். நான் கிட்டாரை நிறுத்திவிட்டேன். முதலில் மேலே வந்தவர் தெமெத்ரியா. சட்டைக் காலரைப் பிடித்துப் பாஸ்டரையும் வெளியே தூக்கினார், சந்தைக்குக் கொண்டுபோகிற பன்றிக்குட்டி மாதிரி.

கரையிலிருந்து சபை மூப்பர் தோன் எவாரிஸ்தோ கையை உயர்த்தினார். சட்டத்தில் ஒரு புள்ளி தவறினாலும் அவருக்குத் தூக்கம் வராது.

"பரிசுத்த ஆவின்னு சொல்றதுக்கு முன்னாடியே முங்கிட்டாங்க. இது செல்லாது!"

"நீர் வந்து நில்லும்யா பார்ப்போம்!" என்று தெமெத்ரியா கத்தினார்.

பாஸ்டர் இருமி இருமித் தண்ணீரைத் துப்பினார். கரைக்கு ஓடிவிடுவார் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். அவர் குனிந்து தன்னைச் சுற்றி ஓடுகிற ஆற்றைப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். அப்படி அவர் சிரித்து நாங்கள் பார்த்ததே இல்லை.

"முழுசா முங்கிட்டேன், ஒதீலியா! உள்ளயும் அவர் இருந்தார்!"

"சரி, அதைக் கரைக்கு வந்தப்புறம் சொல்லு! அந்தம்மா காத்துக்கிட்டு நிக்கறாங்க!"

இரண்டாம் தடவை காலை அகல ஊன்றி, மூன்று நாமத்தையும் எவாரிஸ்தோவின் காதில் விழும்படி நிறுத்தி நிறுத்திச் சொன்னார். தெமெத்ரியா முங்கி எழுந்தார். எழுந்தவர் குழந்தை மாதிரி விம்மினார். நான் கிட்டாரை எடுத்தேன். ஸ்வரம் தப்பியதை அன்று யாரும் கவனிக்கவில்லை.

அடுத்த மாதம் நாலு பேருக்குக் கொடுத்தார். இப்போதும் இடுப்பளவில் பல் தந்தியடிக்கத்தான் செய்கிறது. கரையில் நிற்கிற புதியவர்கள் அதை ஏதோ ஆவியின் அசைவு என்று நினைத்து "அல்லேலூயா" சொல்கிறார்கள். "அது குளிரும் இல்ல, ஆவியும் இல்ல, வெறும் பயம்" என்று பாஸ்டரே திருத்துவார். திருத்திவிட்டு அடுத்த ஆளுக்குக் கையை நீட்டுவார்.