சிறுத்தைக்குக் கட்டிய கமரா

அறுபத்து மூன்று படம், அறுபத்து மூன்றிலும் நான்தான்... சிறுத்தைக்கென்று மரத்தில் கட்டிய கமராவில் சிறுத்தையைவிட நான் தெளிவாக விழுந்திருக்கிறேன், ஒன்றில் தலை சீவுகிறேன், ஒன்றில் பதுங்குகிறேன், அதாவது பதுங்குவதாக நினைத்துக்கொண்டு கமராவுக்கு நேர் முன்னால் குந்தியிருக்கிறேன், பதினைந்து படத்தில் பணிஸ் தின்கிறேன். முன்னால் எது அசைந்தாலும் அந்தப் பெட்டி தானாகவே படம் பிடிக்கும் என்று லோஜினி எத்தனை தரம் சொல்லியிருப்பாள், கட்டிக்கொண்ட மனைவி சொல்வதைக் காதில் வாங்கியிருந்தால் இந்த மானக்கேடு உண்டா? வியாழக்கிழமை தேயிலைக் கொழுந்து லொறியை ரோட்டோரம் நிறுத்திவிட்டு ஒன்பதாம் நம்பர் மலைக்கு நான் ஏறியது சிறுத்தை பார்க்கவா? இல்லை. சிறுத்தை ஆராய்ச்சிக்கு வந்திருக்கிற சுமன் சாரும் அவரிடம் வேலைக்குச் சேர்ந்த அவளும் கமராவுக்குப் பற்றரி மாற்றப் போவார்கள் என்று தெரியும், எப்படி நடக்கிறார்கள், நடுவில் எவ்வளவு இடைவெளி, யார் பேச யார் சிரிக்கிறார்கள்... அதைப் பார்க்கத்தான். அன்றைக்கு அவர்கள் வேறு மலைக்குப் போய்விட்டார்கள். ஒளிந்திருந்து பார்க்க வந்தவனை ஒரு பெட்டி ஒளிந்திருந்து பார்த்துவிட்டது.

அதை இன்றைக்கு, ஞாயிற்றுக்கிழமை, வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விடுகிற பிள்ளை மடுவத்தில், தொட்டில்களை ஓரமாகத் தள்ளிவிட்டுச் சுவரில் வேட்டி கட்டி, லயத்து ஆட்கள் அத்தனை பேருக்கும் காட்டினார்கள். லெப்டொப்பை அமுக்கியது லோஜினி. அவள் நினைத்திருந்தால் பத்துப் பதினைந்தைத் தாண்டிப் போயிருக்கலாம், போகவில்லை, ஒவ்வொன்றாக, நிறுத்தி நிறுத்தி... லொறியில் என்னோடு வருகிற சின்னராசா விடுவானா, "என்னா மச்சான், இந்தப் புலி பணிஸ் திங்கிது, கடிக்காதா?" என்று கத்தினான், கூரை பறந்தது, நானும் சிரித்தேன், எல்லோரையும்விடச் சத்தமாக, அது என் பழக்கம், அடி விழுகிற இடத்தில் முதல் ஆளாகச் சிரித்துவிட்டால் வலி குறையும் என்று ஒரு கணக்கு. அறுபத்து நாலாவது படத்தில்தான் சிறுத்தை. நான் எழுந்து போய் அரை மணித்தியாலத்தில் வந்திருக்கிறது, நான் குந்தியிருந்த இடத்தை மோந்து பார்க்கிறது, முகம் சுளித்த மாதிரி எனக்குத் தோன்றியது. "லோஜினி சொன்னது சரி, ஆள் போய் அரை மணித்தியாலத்தில அதே பாதையில வந்திருக்கு" என்றார் சுமன் சார். லோஜினி! அக்கா இல்லை, மிஸிஸ் இல்லை, வெறும் லோஜினி. ஹட்டன் டவுனில் புடவைக்கடை வைத்திருப்பவரின் மகன், அங்கே வருகிற பெண்கள் எல்லோரையும் இப்படித்தான் பேர் சொல்லிக் கூப்பிடுவாரா?

இப்போது வீட்டுக்குப் போகிறோம், அவள் முன்னால், நான் பின்னால், பனிமூட்டம் இறங்கிக்கொண்டிருக்கிறது, அவளுடைய ரப்பர் சப்பாத்து போகிற வேகத்துக்கு என் செருப்பு ஈடுகொடுக்கவில்லை. பிள்ளை மடுவத்தை விட்டுக் கிளம்பியதிலிருந்து ஒரு வார்த்தை இல்லை. திட்டினால் பரவாயில்லை, திட்டுக்கு என்னிடம் பதில் இருக்கிறது, இதற்கு என்ன இருக்கிறது? சார் சொன்னார், சார் சொன்னார்... மூன்று மாதமாக என் வீட்டில் சோறு போடும்போதும் அதுதான், பாயை விரிக்கும்போதும் அதுதான். ஒரு சிறுத்தையின் புள்ளி இன்னொன்றுக்கு இருக்காதாம், ஒரே சிறுத்தைக்கு இடப்பக்கம் ஒரு மாதிரி, வலப்பக்கம் வேறு மாதிரியாம், சார் சொன்னார். நடக்கும்போது முன்கால் வைத்த தடத்திலேயே பின்காலையும் வைக்குமாம், அதனால் நாலு காலில் போனாலும் ஈரமண்ணில் இரண்டு கால் போன மாதிரி இருக்குமாம், சார் சொன்னார். ஒரு ஆண் சிறுத்தையின் எல்லைக்குள் இரண்டு மூன்று பெட்டை இருக்குமாம், எதோடும் குடும்பம் நடத்தாதாம், அதுவும் சார் சொன்னார், கலியாணமாகாத மனுசன் அடுத்தவன் மனைவியிடம் சொல்கிற விசயமா அது? எந்தச் சிறுத்தையையும் விலாவைப் பார்த்தே இன்னதென்று சொல்கிறாள், என் முதுகு மச்சம் எந்தப் பக்கம் என்று கேட்டால் சொல்வாளா? கேட்கவில்லை. தெரியாது என்று சொல்லிவிட்டால்?

முதல் வாரம் இப்படி இல்லையே, வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், ஓடி வந்து, மூச்சு வாங்க, "ஏங்க, ஒம்பதாம் நம்பர்ல அது படுக்குற எடத்த கண்டுபுடிச்சேங்க, புல்லெல்லாம் அமுங்கி கெடக்கு" என்றாள். "பாயும் தலகாணியும் இருந்திச்சா?" என்று நான் கேட்டேன். நல்ல பகிடி. அடுத்த நாள் லொறியில் வைத்து சின்னராசாவிடம் சொன்னேன், இன்னும் நல்ல பகிடியாக வந்தது, ஒரு வாரம் முழுக்க லயமே அவளைப் புலி டீச்சர் என்று கூப்பிட்டது. அதற்குப் பிறகுதான்... ஆமாம், அதற்குப் பிறகுதான் அவள் பேச்சில் சார் வந்தார், அதற்கு முன்னால் அவள் வாயில் சார் இல்லை, அப்படியென்றால் அந்த வாரத்தில்தான் மனசு மாறியிருக்கிறது, பார், நாள்கூடச் சொல்லிவிடலாம் போலிருக்கிறது. நான் பிறந்த தோட்டம், பதினெட்டு வருசம் லொறி ஓட்டுகிற பாதை, நான் ஒரு நாளாவது ஒரு வாலைப் பார்த்திருக்கிறேனா, நேற்று வந்தவர் வந்து அவளுக்குக் காட்டிக்கொடுக்கிறார்.

வளைவில் அவள் சட்டென்று நின்றாள், குனிந்து மண்ணைப் பார்த்தாள், கையை நீட்டி என்னை மறித்தாள். ஈரத்தில் ஒரு தடம். எனக்கு நாய் மாதிரிதான் இருந்தது. "நகம் பதியல, பாருங்க, நாய்னா பதிஞ்சிருக்கும்" என்றாள், கிளம்பியதிலிருந்து என்னிடம் பேசிய முதல் பேச்சு, நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? "இதுவும் சார் சொன்னாரா?" என்றேன்.

அவள் நிமிர்ந்தாள்.

"லோஜி, உண்மையச் சொல்லு. ஒனக்கு அந்தாள புடிச்சிருக்கா?"

கேட்டேவிட்டேன். பகிடி இல்லாமல் ஒரு கேள்வி என் வாயிலிருந்து வந்து எத்தனை வருசம், எனக்கே என் குரல் யாரோ பேசுகிற மாதிரி இருந்தது.

"இல்லீங்க" என்றாள். கோபம்கூட இல்லை. "அந்த ஆண் புலி கத மட்டுந்தான் சார் சொன்னது. புள்ளி, காலடி, அரை மணித்தியாலம் கழிச்சி வர்றது, எல்லாம் நான் பாத்தது. படத்தையும் தடத்தையும் பாத்துப் பாத்து நானா கண்டுபுடிச்சது. சாருக்கே நாந்தான் சொன்னேன்."

"அப்பறம் ஏன்..."

"சார் சொன்னார்னு சொன்னா கேக்குறீங்க. நான் பாத்தேன்னு சொன்னா சிரிக்கிறீங்க."

சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள், இப்போதும் சிரிக்கிறேனா என்று.